நம்ம காசு

கேட்டும் கிரில்லும் பற்றவைக்கிற அந்த வெல்டரைக் கடைத்தெருவில் ‘அளந்து போடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நாளுக்கு நாலு பேரிடமாவது சொல்லாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கம்பி வெட்டினால் மிச்சத் துண்டுக்கும் ஒரு வேலை வைத்திருப்பார். இவர் ஏமாந்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஏமாந்தார். அதுவும் தம்பி விஷயத்தில்.

தம்பி வெளிநாட்டில் பெயிண்டர். சாரம் சரிந்து விழுந்து செத்தான். வேலைக்கு வைத்த காண்டிராக்டர் போனை அணைத்துவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான்.

“மொகத்தப் போன்ல எல்லாம் காட்டாதடா, இங்க கொண்டாந்துரு. அவன் தலைய ஒரு தடவ தடவிக் குடுத்துக்கறேன், அது போதும்” என்றாள் அம்மா. அவள் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் வெல்டருக்குப் பயமாக இருந்தது.

மனைவியின் சங்கிலி விமான டிக்கெட்டாக மாறியது. பேங்க்கில் கெஞ்சிக் கூத்தாடிக் கிரெடிட் கார்டின் வரம்பை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி பாக்கி, உடலைப் பதப்படுத்தும் செலவு, பிணவறை வாடகை, பெட்டியை விமானத்தில் ஏற்றும் கட்டணம். தம்பியின் அறைத்தோழன் விசாரித்துச் சொன்ன எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். கார்டு தாங்கும். மட்டுமட்டாகத் தாங்கும்.

அங்கே போய் இறங்கியதும் அறைத்தோழன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கவுண்டரில் ஒரு பெண் கார்டு மெஷினை நீட்டினாள். திரையில் இரண்டு தொகை. ஒன்று அந்த ஊர்க் காசில், இன்னொன்று நம்ம காசில். ஒரு எழுத்தும் விளங்காத அந்த ஊரில் அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைக் கண்டது போல இருந்தது அவருக்கு.

“நம்ம காசுலயே கட்டிடறேன். எவ்வளவு போகுதுன்னு கண்ணால பாத்துக்கலாம்ல” என்றார்.

“அதுதாண்ணே சரி” என்றான் அறைத்தோழன். அவனுக்கும் தெரியாது, பாவம்.

பதப்படுத்தும் இடத்திலும் பிணவறையிலும் அதே கேள்வி. அதே பதில். கடைசியாகச் சரக்கு விமான ஆபீஸில் கார்டைச் செருகினார்கள். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துச் செருகினார்கள். அப்போதும் எடுக்கவில்லை.

பேங்க்குக்குப் போன் போட்டார். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: “உங்க வரம்பு முடிஞ்சிருச்சு சார். நம்ம காசுல கட்டறேன்னு சொன்னா, அந்த மெஷின்காரங்க வெக்கிறதுதான் சார் ரேட்டு. அவங்க லாபமும் அதுல சேந்திருக்கும். எங்க கட்டணம் தனி.”

“சரி, அது தொலையட்டும். நீங்க எதுக்கும்மா தனியா பிடிச்சீங்க? நான் நம்ம காசுலதானே கட்டினேன்?”

“காசு நம்மளது சார். கடை வெளிநாட்டுக் கடைதானே? அதுக்கு எங்க கட்டணம் உண்டு.”

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அவ்வளவு பெரிய அநியாயம்கூட இல்லை. நூற்றுக்கு எட்டோ பத்தோதான். ஆனால் பெட்டி ஏற்றக் குறைந்ததும் அந்த எட்டும் பத்தும்தான்.

வரம்பை மறுபடி ஏற்ற முடியாது என்றது பேங்க். அறைத்தோழன் தன் சம்பள மிச்சத்தைக் கொட்டினான், போதவில்லை. பிணவறை வாடகை நாளுக்கு நாள் ஏறியது. விசாவும் முடியப்போனது.

“பெட்டி எப்படா வரும்?” என்று அம்மா போனில் கேட்டாள்.

பெட்டி வராது, தம்பியை இங்கேயேதான் புதைக்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

“நீ அளந்து பாத்துட்டுத்தானேடா போன?” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அந்த ஊர் இடுகாட்டு ஆபீஸில் குழிக்குக் கட்டணம் கொஞ்சம்தான். கார்டில் மிச்சம் கிடந்ததே போதும். மெஷின் மறுபடி கேட்டது: எந்தக் காசில்? வெல்டரின் விரல் நம்ம காசின் மேல் போய் நின்றது. பிறகு நகர்ந்து அந்த ஊர்க் காசை அழுத்தியது.

“இப்பதாண்ணே சரியா அழுத்தினீங்க” என்றான் அறைத்தோழன், ஆறுதல் சொல்வதாக நினைத்து.

வெல்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.