கம்போச் சட்டிக்குள் ஒடியல் மா

சுவிஸில் சாப்பிட்டு முடித்தவரிடம் பரிமாறுபவர் கட்டாயம் கேட்பார்: "இஷ் எஸ் குவெட் க்ஸி?" நன்றாக இருந்ததா என்று அர்த்தம். பாதியை மிச்சம் விட்டவரும் சிரித்துக்கொண்டு நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். பெர்ன் பழைய நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் இருபத்தாறு வருடங்கள் நின்ற எனக்குத் தட்டு திரும்பி வரும்போதுதான் உண்மை தெரியும். வந்த புதிதில் இதைப் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று சில மாதம் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

ஊரில் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவன் நான். இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு அந்த நாட்களில் எளிதாகக் கிடைத்தது கோப்பை கழுவும் வேலை. மூன்று வருடம் கழுவினேன். பிறகு மரக்கறி வெட்டினேன். பிறகு சோஸ் எல்லாம் என் கைக்கு வந்தது. முதலாளியும் தலைமைச் சமையற்காரருமான உர்ஸ் எதைச் செய்தாலும் கரண்டியை என்னிடம் நீட்டி, "என்ன குறை?" என்று கேட்பார். நான் சொல்வேன், அவர் திருத்துவார். வேலைப் பத்திரத்தில் மட்டும் கடைசி வரைக்கும் 'கூஹென்ஹில்ஃப', அதாவது சமையலறை உதவியாள்.

போன வருடம் உர்ஸுக்கு அமெரிக்கச் சாப்பாடுகளை வைத்து ஒரு மெனு போடும் யோசனை வந்தது. "உன் நாக்கு எனக்கு வேண்டும், நீயும் வா" என்றார். திரும்பி வந்ததும் எனக்குத் துணைத் தலைமைச் சமையற்காரர் பதவி, மெனு அட்டையில் என் பெயர். இது அவராகச் சொன்னது. என் மனைவி கௌரி பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அதை எழுத்தில வாங்கினீங்களோ?"

"இவ்வளவு காலம் பழகின மனுசனிட்டை எழுத்தோ கேக்கிறது?" என்றேன்.

சிக்காகோவில் இறைச்சிச் சாற்றுக்குள் முழுதாக முக்கியெடுத்த பாண் ரொட்டியை, சாறு முழங்கை வரை வடிய, தெருவில் நின்றே தின்றோம். அங்கிருந்து லூசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் போனோம். அமெரிக்கா போகிற எங்கள் சனம் நயாகராவில் படம் எடுத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் புட்டுச் சாப்பிட்டுவிட்டு வருகிறது. அடுத்த முறை நியூ ஓர்லியன்ஸுக்குப் போங்கள். கம்போ சாப்பிடுங்கள். மாவை எண்ணெயில் கோப்பி நிறம் வரும்வரை வறுத்து, நண்டும் இறாலும் வெண்டிக்காயும் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் ஒரு பச்சைத் தூளைக் கலந்து சோற்றோடு தருவார்கள். முதல் கரண்டியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஒடியல் கூழின் அப்படியே கூடப் பிறந்தது.

அந்தச் சின்னக் கடையைச் சமைத்து நடத்தியவர் லொரேன் என்ற கறுப்பினப் பெண். என் வயதுதான் இருக்கும். சாப்பிடுபவர்களுக்கு நடுவே வந்து நின்று, "எங்கேயிருந்து வருகிறாய், பேபி?" என்று கேட்டார். ஏதோ குழந்தையைக் கேட்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்கள். சுவிற்சர்லாந்து என்றேன். "அதற்கு முன்னால்?" என்றார். இலங்கை என்றேன். அந்தத் தூள் ஏதோ இலைதானே என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "சசஃப்ராஸ் மரத்து இலை. இறக்கின பிறகுதான் போட வேண்டும். கொதித்தால் நூல் நூலாக இழுபடும். நீ சமையற்காரனா?"

நான் வாய் திறக்க முதல் உர்ஸ் முந்திக்கொண்டார்: "எனக்கு உதவியாக இருப்பவர்."

லொரேன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார். சிவப்புப் பெயின்றில் அவருடைய பெயர், என்னைவிட உயரமாக. "என் அம்மா ஒரு பெரிய ஹோட்டலில் ஆயுள் முழுக்கச் சமைத்தாள். அவளுடைய சமையல் புத்தகமாக வந்தது, முதலாளியின் பெயரில். அதனால் நான் முதலில் சுவரில் பெயரை எழுதினேன். சட்டி வாங்கியது அதற்குப் பிறகுதான்." உர்ஸ் குனிந்து, சசஃப்ராஸ் என்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்.

பெர்னுக்குத் திரும்பி இரண்டு கிழமையில் கொண்டுவந்த இலைத்தூள் முடிந்துவிட்டது. பெர்னின் ஓரத்தில் நான் வசிக்கும் பூம்ப்ளிஸில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. அங்கே அதற்குப் பதிலாக ஒடியல் மா வாங்கினேன். ஊறவைத்துக் கைப்பு நீரை வடித்து, கொஞ்சம் பழப்புளி கரைத்துச் சேர்த்து, ஆறு முறை பிழைவிட்டு ஏழாவது முறை பதம் கண்டேன். உர்ஸ் ருசி பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான்" என்றார்.

மெனு அட்டை அச்சாகி வந்தது. 'உர்ஸின் லூசியானாச் சட்டி. அமெரிக்கப் பயணத்தில் கண்டெடுத்த இரகசியத் தூளுடன்.' என் பெயரைத் தேடிப் பின்பக்கத்தையும் திருப்பினேன். அங்கே வைன் பட்டியல். கேட்டதற்கு, "அடுத்த அட்டையில் பார்ப்போம்" என்றார். பதவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் பத்திரிகையாளரான ஒரு பெண் வந்தார். சட்டியை மேசைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நியூ ஓர்லியன்ஸ் சந்தையில் ஒரு கிழவரிடம் அந்தத் தூளைத் தான் கண்டுபிடித்த கதையை உர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கிழவரும் இல்லை, சந்தையும் இல்லை. என் தோளைத் தட்டி, "இவர் எங்கள் சமையலறையின் நல்ல ஆத்மா" என்றார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, "உங்களுக்கு இது உறைப்புக் காணாதுதானே?" என்று கேட்டார்.

சட்டியை வைத்துவிட்டுச் சுவிஸ் ஜேர்மனிலேயே சொன்னேன்: "இந்த மா அமெரிக்காவில் இருந்து வந்ததில்லை. எங்கள் ஊர்ப் பனங்கிழங்கு மா. இதைச் செய்தது நான்."

உர்ஸ் உரத்துச் சிரித்தார். பத்திரிகையாளர் பேனையை எடுத்தார். கடைசியில் ஒருவர் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். "பனையா?" என்றார் கவலையோடு. "பாமாயில் காடுகளை அழிக்கிறதல்லவா? இது சூழலுக்கு ஏற்றதுதானா?"

அது வேறு மரம் என்று விளக்கிச் சொல்ல எனக்கு அன்று பொறுமை இல்லை. ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தேன். அவர்கள் தந்த சான்றிதழில் இருந்தது இவ்வளவுதான்: நேரம் தவறாதவர், சுத்தமானவர், எப்போதும் நட்பானவர். நான் சமைத்தேன் என்று ஒரு சொல் இல்லை. அந்தச் சட்டி இன்றும் அங்கே அதே பெயரில், சோளமா கரைத்து விற்கப்படுகிறது.

எங்கள் ஆட்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. "ஏன் அண்ணை, பென்சனுக்கு இன்னும் ஏழு வருசம்தானே, பேசாமல் இருந்திருக்கலாம்" என்று கோயிலில் வைத்து எத்தனை பேர் சொன்னார்கள்! பேசாமல் இருந்துதான் நாங்கள் இந்த நாட்டின் பாதிச் சமையலறைகளை நிரப்பினோம். கௌரியும் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: "ஓம், விட்டது விட்டதுதான். நீங்கள் காய்ச்சுங்கோ, நான் நிண்டு விக்கிறன்."

ஒடியல் மா போட்ட அதே சட்டியை விற்க, சனிக்கிழமைச் சந்தையில் ஒரு கடை போட விண்ணப்பம் எடுத்தோம். பெயர் என்ற இடத்தில் என் முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே 'உணவின் நாடு' என்று ஒரு சின்னப் பெட்டி. இலங்கை என்று எழுதினால் லொரேனுக்குத் துரோகம். அமெரிக்கா என்றால் உர்ஸின் பொய். நெடுநேரம் யோசித்துப் 'பூம்ப்ளிஸ்' என்று எழுதிக் கொடுத்தேன்.

நகரசபை அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதை வாசித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "இது நாடு இல்லையே."

"தெரியும்" என்றேன்.

"ஏதாவது ஒன்றை எழுதுங்கள். ஒன்று மட்டும்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. பேனை என் கையில்தான் இருந்தது. பூம்ப்ளிஸை வெட்ட மனம் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் எழுத அந்தப் பெட்டியில் இடமும் இருக்கவில்லை.