விறகு பிடிக்கும் இரும்பு ஆடு

எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் ஓர் இரும்பு ஆடு நிற்கிறது. பெயர் நான் வைத்ததல்ல. இந்த ஊர்க்காரர்களே அதை சோக்பொக் என்கிறார்கள். ஸ்வீடிஷில் ரம்ப ஆடு என்று பொருள். நான்கு கால், இடுப்பு உயரம், மேலே பல் பல்லாக வெட்டிய ஒரு வாய். விறகுக்கட்டையை அந்த வாயில் வைத்தால் கவ்விக்கொள்ளும், அறுத்து முடிக்கும்வரை விடாது. பிடித்துக்கொள்ள மனிதர் யாரும் வேண்டாம். காலையில் காபியோடு ஜன்னலண்டை வந்தால் அது என்னை முறைத்தபடி நிற்கிறது. நானும் முறைக்கிறேன். ஓர் இரும்புச் சாமானோடு உனக்கென்னடி வம்பு என்று குடவாசல் பக்கத்து என் சொந்தங்கள் கேட்கலாம். என்னைப் போல எங்கெங்கோ போய்க் குளிரில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே எங்கள் வீட்டைச் சூடாக்குவது விறகு அடுப்புதான். மின்சார ஹீட்டர் இருக்கிறது, பெயருக்கு. போன குளிர்காலத்தில் என் கணவர் அருளுக்குச் சளி நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். வீடு சூடாக இருக்க வேண்டும், இன்னொரு முறை இப்படி ஆனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வழக்கமாக அறுத்த விறகு வாங்குவோம். இந்த வருஷம் ஊரில் எல்லாருக்கும் விறகு வேண்டியிருந்தது, அறுத்ததாக எங்கும் கிடைக்கவில்லை. நன்றாகக் காய்ந்த பிர்ச் மரத்தை ஆளுயரக் கட்டைகளாகக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிட்டு லாரிக்காரன் போய்விட்டான். அதை முழ நீளமாக அறுத்தால்தான் அடுப்புக்குள் போகும். அருள் ஒரு செயின் ரம்பம் வாங்கிவந்தார். பனி விழுவதற்குள் எல்லாவற்றையும் அறுத்துக் கொட்டகையில் அடுக்கியாக வேண்டும்.

முதல் நாள் இரண்டு கற்களின் மேல் கட்டையைக் கிடத்தினோம். அவர் ரம்பத்தை முடுக்கினார். நான் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. நுனி கீழே விழுந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் தூக்கியும் கொடுத்தேன். அதுதான் வினையாயிற்று. நான் தூக்கத் தூக்க, அறுத்த வாய் மூடிக்கொண்டு ஓடுகிற செயினைக் கவ்விவிட்டது. ரம்பம் வெட்டி இழுத்தது. அருளின் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. என் கையுறையின் ஒரு விரலைச் செயின் கிழித்துக்கொண்டு போயிற்று. உள்ளே இருந்த விரல் பிழைத்தது என் அப்பன் புண்ணியம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பிர்கித்தா ஓடிவந்தாள். தனியாக இருக்கும் மனுஷி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். இத்தனை வருஷத்தில் குட்மார்னிங்கைத் தாண்டி என்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அன்றைக்குக் கத்தினாள். ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏன் பிடித்தாய்? யாராவது பிடிப்பார்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில் சொன்னேன்: "நான் பிடிக்காவிட்டால் போலீஸ் அவரை மட்டும் கொண்டுபோகும்."

அவள் முகம் மாறிவிட்டது. என் தோளில் கை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, "இந்த நாட்டில் சொந்த விறகை அறுத்தால் போலீஸ் வராது. பயப்படாதே" என்றாள். அப்படியே ரம்பத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் ரம்பம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்தவர் வீட்டில் கேட்காமல் காபி கூடக் குடிக்காத ஊர், ரம்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமாம். அதைவிட எரிச்சல், நான் சொன்னதை அவளுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் மொழி இல்லை. தமிழில் சொன்னால்கூட ஒரு பொழுது வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து, எங்கள் தெருவுக்குப் பட்டா கிடைத்திருந்த சமயம். அதுவரை எங்கள் குடிசைகள் பண்ணையின் மண்ணில் நின்றவை. கூலி கூடக் கேட்டால், சங்கத்தில் சேர்ந்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆட்சி மாறி, மேடைக்கு மேடை பேசி, கொடி பிடித்து, அடி வாங்கி, மனை எங்களுடையது ஆயிற்று. அந்த ஐப்பசிக் காற்றில் எங்கள் குடிசைக்குப் பின்னால் நின்ற பெரிய பூவரசு வேரோடு சாய்ந்தது. வாசலுக்கும் வாய்க்காலுக்கும் குறுக்கே கிடந்தது. அடைமழை ஆரம்பம். வரட்டி நனைந்துபோய் அடுப்பு எரியாத நாள். அம்மாவுக்கு அந்த மரத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

மறுநாளே பண்ணையின் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாரிமுத்து, மனையை எழுதிக் குடுத்தான் சர்க்கார். மரத்தையும் எழுதிக் குடுத்தானா? மரம் பண்ணையோடது. எவனும் கை வைக்கக் கூடாது."

"விழுந்து கெடக்குதுங்க. புள்ளைங்க வாய்க்காலுக்குப் போகக்கூட வழியில்ல" என்றார் அப்பா.

"சுத்திப் போங்கடா" என்றுவிட்டு அவர் போனார்.

அப்பா அன்று சாயங்காலமே ரம்பத்தை எடுத்தார். இரண்டு பேர் இழுக்கிற பழைய ரம்பம். தெருவில் இருந்தவர்கள் வந்து தடுத்தார்கள், அறுக்க வேண்டாம் என்றல்ல, தனியாக அறுக்க வேண்டாம் என்று. ஒருவர் அறுத்தால் கேஸ் அவர் பேரில். எல்லார் கையும் மரத்தின் மேல் இருந்தால் யார் பேரில் எழுதுவான்? விடிந்ததும் தெருவே வந்தது. பெரியவர்கள், நிறைமாதக்காரி, பள்ளிக்கூடம் போகாத நாங்கள், எல்லாரும் அந்தப் பூவரசின் மேல் ஆளுக்கொரு பக்கம் கை வைத்துப் பிடித்துக்கொண்டோம். இடுப்பில் இருந்த என் தம்பி செல்வத்தின் உள்ளங்கையை எடுத்து அம்மா மரப்பட்டையில் வைத்தாள். அதன் பிறகுதான் அப்பா முதல் இழுப்பு இழுத்தார். அறுக்க அறுக்க மரத்தின் நடுக்கம் எங்கள் கைகளுக்குள் ஏறியது. எனக்கு அப்போது பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி, "யாருடா வெட்டுனது?" என்றார். அம்மாதான் முன்னால் போய், "யாரு புடிச்சான்னு கேளுங்கய்யா, சொல்றோம்" என்றாள். அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரு சொல்லிற்று. நான் புடிச்சேன், நான் புடிச்சேன் என்று கடைசி வீடு வரைக்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுவார்? திட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மழைக்காலம் முழுக்கத் தெருவில் எல்லார் அடுப்பிலும் பூவரசு எரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் யார் ஒரு மரத்தை அறுத்தாலும், முருங்கைக் கிளையாகவே இருக்கட்டும், முதல் கேள்வி இதுதான்: "யாரு புடிச்சா?" இப்போது வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு. ஆனாலும் கேட்பார்கள்.

இதையெல்லாம் பிர்கித்தாவுக்கு எப்படிச் சொல்வது? அருளுக்கே பாதிதான் புரியும். அவர் மன்னார்குடி டவுனில் வளர்ந்தவர். அவருடைய லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் விறகு என்றால் கடையிலிருந்து வண்டியில் வந்து இறங்குவது. "புடிக்கணும்னு என்ன சட்டமா? அவங்க சொல்றதுதாம்மா சரி" என்றார், வீங்கிய மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு. அந்த நேரத்தில் அவர் சரி தப்பு சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் பிர்கித்தா வந்தாள். ரம்பத்தோடு இந்த இரும்பு ஆடும் வந்தது. போதாததற்கு ஒரு மூட்டை: காதடைப்பும் வலைத்திரையும் வைத்த ஹெல்மெட், கால் பக்கம் தடித்த நார் அடைத்த பேன்ட், முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். எல்லாம் செத்துப்போன அவள் புருஷனுடையவை. பேன்ட் எனக்கு இரண்டு மடிப்பு மடித்தும் பெரிது. அருளின் கையில் கட்டுப் போட்டிருந்ததால் அறுக்க வேண்டியவள் நான்தான். அவள் சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ரம்பம் கிடையாது. இந்த வயதில் இப்படி ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டேன்.

கட்டை ஆட்டின் வாயில் இறுகக் கவ்வியிருக்க வேண்டும். அறுக்கும் பக்கம் வெளியே சும்மா நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அறுந்த துண்டு விழட்டும், அதைத் தாங்கக் கூடாது, தாங்கினால் வாய் மூடிச் செயினைக் கவ்வும். ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் பூட்ஸ் முனையை நுழைத்து மிதித்து, பிரேக் போட்டபடிதான் கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு கையும் ரம்பத்தில். ரம்பத்தின் மூக்கு நுனி எதிலும் படக் கூடாது, பட்டால் முகத்துக்கு எகிறும். ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று விலகி நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. இதை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "இங்ஙென்," என்றாள். ஒருவரும் கூடாது. சொல்லிவிட்டுத் தானே நடந்து வேலிவரை போய் நின்று காட்டினாள்.

அறுத்தேன். ஆரம்பத்தில் எல்லாம் தப்பாகப் போயிற்று. வலைத்திரைக்குள் மூச்சு பட்டு முகமெல்லாம் ஈரம். காதடைப்புக்குள் என் சத்தமே எனக்குக் கேட்டது. ஒவ்வொரு துண்டு விழும்போதும் என் இடது கை அதைப் பிடிக்கத் துடித்தது, அதை ரம்பத்தின் மேல் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது. நடுவில் அருள் மனசு கேட்காமல் கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்து, நீட்டிக்கொண்டிருந்த கட்டையின் நுனிக்குக் கையைக் கொண்டுபோனார். பிரேக்கைத் தள்ளி ரம்பத்தை நிறுத்தினேன்.

"தள்ளிப் போங்க" என்று கத்தினேன்.

"நீதானே யாராவது புடிக்கணும்னே."

"புடிக்க வேணாம். உள்ள போங்க. யாரும் பக்கத்துல நிக்காதீங்க."

அவர் போய்விட்டார். என் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வந்ததைக் கேட்டு எனக்கே பிடிக்கவில்லை. வேலிக்கு அப்பால் பிர்கித்தா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அந்த விரலைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அதுதான் என் கோபமே. அவள் சொன்னபடி செய்ததில் செயின் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. என் பத்து விரலும் இருக்கின்றன. பனி வருவதற்குள் கொட்டகை நிறைந்துவிட்டது. அருள் இப்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். இருமல் இல்லை.

முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை செல்வம் போன் செய்தான். அம்மா மரத்தில் வைத்த அந்தச் சின்னக் கைக்காரன்தான். இப்போது தன் சொந்த நிலத்தில் சம்பா நட்டுவிட்டு, மேட்டூர்த் தண்ணீரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பவன். மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். வீடு கதகதப்பாக இருக்கிறது, விறகெல்லாம் நானே அறுத்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"நீயாக்கா? மிஷின்லயா?" என்றவன், நான் எதிர்பார்த்தபடியே கேட்டான். "யாரு புடிச்சா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆட்டின் முதுகில் பனி ஏறியிருந்தது. வாய் திறந்தபடி, கவ்வ ஒன்றும் இல்லாமல் நின்றது.

"இங்க யாரும் புடிக்கக் கூடாதுடா. அதான் இங்க பாதுகாப்பு."

போனில் அவனுக்குப் பின்னால் எங்கள் தெருவின் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"அப்பன்னா, வெட்டுனது நீ மட்டுந்தான்னு ஆயிருமேக்கா" என்றான்.

"ஆமாடா," என்றேன். "நான் மட்டுந்தான்."

போனை வைத்துவிட்டு, செருப்பையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். ரம்பம் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. அறுக்க ஒன்றும் இல்லை. கையுறையைக் கழற்றி, ஆட்டின் முதுகிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, வெறுங்கையை அந்த இரும்பின் மேல் வைத்துக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை நின்றேன்.