தேனில் குழைத்த கடல்குதிரை

கடல்குதிரையைப் படத்தில் பார்த்தால்கூட எனக்குக் குமட்டும். கடலை நான் பார்த்ததே வயது ஏறிய பிறகுதான். இந்த அருவருப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் லேப் அட்டெண்டராக இருந்தேன். செத்த உயிரினங்கள் கெடாமல் மிதக்கும் கண்ணாடி பாட்டில்களில் ஃபார்மலின் குறையக் குறைய ஊற்றி வைப்பது என் வேலை. ஊற்றி ஊற்றி விரல் நுனித் தோல் உரிந்துபோனது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் அந்த நெடிதான் முதலில் ஏறும். ஒரு பாட்டிலில் கடல்குதிரையும், பக்கத்தில் ஈர்க்குச்சி போல ஒரு குழல்மீனும், கண்ணாடித் தகட்டில் வெள்ளை நூலால் கட்டியிருக்கும். இரண்டும் ஒரே வகையறா. இரண்டிலும் குஞ்சுகளைச் சுமப்பது ஆண்தான். பரீட்சையில் இதைத் தப்பாக எழுதாத பையன் குறைவு.

ஒரு வருஷம் என் தங்கையின் இரண்டு வயது மகளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. அடி அண்ணாமலைக் கிராமத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. இருமி இருமிக் குழந்தை நீலம் பாரித்துவிடும். குடித்த பால் மூக்கு வழியாக வரும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லிக் கத்தினேன். தங்கையின் கணவன் கேட்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் துணி விரித்து மருந்து விற்கிற ஒருவன், கடல்குதிரையைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் மூன்று நாளில் இருமல் நிற்கும் என்று சொல்லியிருந்தான். அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"உங்க லேப்ல ஒண்ணு சும்மாதானே கெடக்குது மச்சான்?"

"அது விஷத்தண்ணில ஊறினது மாப்ள. என் கையைப் பாரு."

பார்த்தான். வெளியே போனான். புரிந்துகொண்டான் என்று நினைத்தேன், மடையன் நான்.

அந்தச் சனிக்கிழமை லேப்புக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பாட்டில்களை வராண்டாவுக்கு மாற்ற ஆள் வேண்டும். நானே அவனைக் கூட்டிப்போனேன். என் புத்தியை என்ன சொல்ல. திங்கட்கிழமை தூசி துடைக்கும்போது பார்த்தால் தகட்டில் குழல்மீன் மட்டும் தனியாக இருந்தது. அதன் பக்கத்தில் அறுந்த நூல் மிதந்தது.

சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே லேப் நெடி, அதோடு கருகிய மீன் நாற்றம். அடுப்படியில் இரும்புக் கரண்டியில் கரியாகக் கிடந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"மூணு தண்ணில கழுவிட்டேன் மச்சான். கண்ணு எரியுது பாரு, அவ்ளோ வீரியம்."

தங்கை மடியில் குழந்தை. உதட்டில் கறுப்பு ஒட்டியிருந்தது. ஒரே ஒரு தடவைதான் தடவினேன், அதையும் கக்கிவிட்டாள் என்று தங்கை அழுதாள். துண்டால் குழந்தையின் வாயைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். தங்கையும் பின்னாலேயே வந்தாள். வந்த ஆட்டோவை மறித்து ஏறினோம், நேராக ஆஸ்பத்திரிதான். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குத் தங்கை கஷாயம் என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். "லேப்ல வேலை பாக்கிற ஆளா நீ?" என்று கேட்டார்.

பத்து நாள் ஊசியும் மருந்துமாகப் போனது. குழந்தை பிழைத்தது.

பாட்டில் பிரச்சினை அப்படியே இருந்தது. ஆசிரியர் கேட்பதற்குள் இன்னொன்று வைக்க வேண்டும். அடுத்த பௌர்ணமி, துணி விரித்து மருந்து விற்கிற அவன் முன்னால் நானே போய் உட்கார்ந்தேன். காய்ந்த கடல்குதிரைகளைக் கருவாடு மாதிரி குவித்திருந்தான். வயிறு உப்பிய ஒன்றை எடுத்து, "சினைப் பொட்டைங்க. மருந்து ஜாஸ்தி," என்றான். ஆண் என்று சொல்ல வாய் வரவில்லை. அதையே வாங்கினேன்.

லேப்பில் தண்ணீரில் ஊறப்போட்டேன். வயிற்றுப் பை பிளந்து குஞ்சுகள் வந்தன. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொன்றுக்கும் வால் இருந்தது. ஜன்னல் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். பிறகு வந்து அதை நூலால் தகட்டில் கட்டினேன். ஆசிரியர் பார்த்துவிட்டு நல்ல ஸ்பெசிமன் என்றார்.

மாப்பிள்ளை அதற்குப் பிறகும் ஊரெல்லாம் ஒரே கதைதான் சொன்னான். ஒரே ஒரு தடவல், இருமல் நின்றது. பாட்டிலில் பக்கத்தில் இருந்த குச்சி மீனைக்கூடச் சொன்னான், ஊசியைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இருமுகிற குழந்தையோடு என் வாசலில் நின்றாள். லேப்பில் இருப்பதைக் கொடுக்கச் சொன்னாள். யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவள் கேட்பதை விடவில்லை.

"அந்தக் குச்சி மீனாவது குடுப்பீங்களாண்ணா?"