வடிகூடையின் மேல் சுலைமானின் பெயர்

சுலைமானின் பெயரைக் கெடுத்தவன் நான். கூட்டாளியால் வஞ்சிக்கப்பட்டவன் என்று ஊரில் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இறால் கூடம் இன்று வட்டார உணவு மரபுக் காட்சியகம். நீங்கள் உள்ளே நுழைந்தால் முதலில் காண்பது ஒரு மூங்கில் வடிகூடை. உரித்துக் கழுவிய இறாலை அதில் கொட்டி, நீர் முழுவதும் சொட்டிய பின்னரே எடை போடுவோம். வடியும்வரை காத்திருப்பது சுலைமானின் பொறுப்பு. என் தொழில் கூட்டாளி; பழவேற்காட்டு வணிகக் குடும்பத்தவர். என்னை உடன்பிறந்தவனாக நம்பியவர்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டதும், வடிந்த இறாலை மீண்டும் பனிக்கட்டி நீரில் ஊறவைக்க வேலையாட்களிடம் சொன்னேன். எடை கூடும் என்ற பேராசை... பட்டம் பெற்றவனுக்கு அது மோசடி என்று தெரியாதா? தெரியும்.

நீர் கோத்த சரக்கைச் சென்னை வியாபாரி திருப்பி அனுப்பினார்.

"தொழுகைக்கு ஓடுற அவசரத்துல வடியவுடாம போய்ட்டியே, சுலைமான்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. தம் கண்ணைவிட என் சொல்லை நம்பினார். தாமாகவே தொழிலிலிருந்து விலகினார்.

பல ஆண்டுகளுக்குப் பின், காட்சியகத் திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சுலைமானோ கூடையருகே நின்று, காட்சியகத்தைக் கவனிக்கும் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா அந்த ஆளு. தண்ணி வடியறதுக்குள்ள ஜும்மாவுக்கு ஓடிட்டேன். லோடு திரும்பி வந்து ஒரே பேஜாரு. அண்ணன் கோவத்துல ஒரு அறை உட்டிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். கல்லூரியில படிச்சவராச்சே, திட்டக்கூட இல்ல."

சுற்றியிருந்தோர் சிரித்தனர். அந்தப் பெண் என்னிடம் திரும்பினாள்.

"ஐயா, பாய் சொல்றத பலகையில எழுதி வெச்சிடலாமா?"

"என் பேரைப் போட்டே எழுதும்மா" என்றார் சுலைமான். "நாலு பேரு பாத்துத் திருந்தட்டும். இன்னா அண்ணே, சரிதானே?"

வேண்டாம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. பழைய துரோகத்தை வறுமை என்றோ வயது என்றோ மழுப்பலாம்... இதை எதைச் சொல்லி மழுப்புவேன்? தோளில் சால்வை இருந்தது. எல்லோரும் என் முகத்தையே மரியாதையோடு பார்த்தனர்.

"எழுதட்டும்" என்றேன்.

வடிகூடைக்கு மேல் பலகை தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து சுலைமான் அங்கே வருகிறார். கைக்குட்டையால் தம் பெயரின் மேல் படிந்த தூசியைத் துடைக்கிறார். வரும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று, "கெளம்பு அண்ணே, போய்ட்டு வந்துடலாம்" என்கிறார்.

நானும் உடன் போகிறேன்.