கைமாறிப்போன மட்டை

ஆவடிப் பக்கம் ஒரு கோல்ஃப் பயிற்சித் திடலில், பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டும் என் புது மட்டையைப் பழக்கிக்கொண்டிருந்தேன். கைப்பிடி தடிமன், பந்து இடப்பக்கமாகவே ஓடியது. கை ஓரளவு பழகியபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து பெஞ்சில் இருந்த மட்டையை எடுத்தேன். அதே மாடல்தான், ஆனால் கைப்பிடி மெலிந்திருந்தது. யாரோ மாற்றிவிட்டார்கள்!

அருகில் இருந்தது புல் வெட்டும் கஸ்தூரியக்கா மட்டும்தான். காலையிலிருந்தே அவர் என் மட்டையை நோட்டம் விடுவதாகத் தோன்றியிருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் சாமான் அறையைத் திறந்து, உரமூட்டைகளை ஒவ்வொன்றாக அக்காவையே வெளியே இழுக்க வைத்தார்.

"சார், ஒரு நிமிசம்..."

"பேசாம தேடும்மா" என்றேன்.

அறை காலியானது. மட்டை இல்லை. அக்கா மூச்சிரைக்கச் சொன்னார்: "போன் பேசிக்கினே நீங்கதான் சார் அத்த வேலியாண்ட சாச்சி வெச்சீங்க. அத்த சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

வேலியோரம் போய்ப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது. பெஞ்சில் இருந்தது வேறு யாருடையதோ.

மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "மூட்டைய உள்ள வெக்கணும், ஒரு கை புடி சார்" என்றார். பிடித்தேன்.

ஒரு நிமிடம்தான் கேட்டார். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.