பொட்டிக்குள் வந்த வீடு

அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்து திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களுக்குப் பஞ்சு ஏற்றி வருவார். கன்டெய்னரை அவர் பொட்டி என்றுதான் சொல்வார். அந்த நீள வண்டி நாங்கள் குடியிருந்த பேகம்பூர்ச் சந்துக்குள் நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா உலை வைப்பாள். இப்போதும் எங்காவது லாரி ஹாரன் கேட்டால் எனக்குப் பசிக்கிறது.

எங்களுடையது வாடகை வீடு. வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். அம்மா அப்பாவின் கல்யாணப் போட்டோ டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

“சொந்தமா ஒரு வீடு எப்பத்தான் வரும்?” என்று அம்மா பிடித்துக்கொண்டால் அப்பா அசரமாட்டார்.

“பொட்டிக்குள்ள வந்துக்கிட்டேதான் இருக்கு. துறைமுகத்துல சீல் வச்சிருக்கான். உடைச்சா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவான்.”

அம்மா சிரித்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். சிரித்துச் சிரித்தே ஏமாந்தாள் என்றுதான் நினைப்பேன். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு இன்று ஏங்குகிறேன்.

முதுகுவலியால் அப்பா வண்டியை விட்டுச் சில வருஷம் கழித்து, மூன்று பேரும் பழனிக்குப் போய்த் திரும்பினோம். வழியில் பழைய கன்டெய்னர்களை அடுக்கி ஒரு ஓட்டல் கட்டியிருந்தார்கள். மஞ்சள், நீலம், ரோஸ் என்று பளபளவென்று பெயின்ட். தங்குவதற்கு ரூம்கள் வேறு. அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, “இது நான் இழுத்த பொட்டியாக்கூட இருக்கும்” என்றார்.

காபி குடித்ததும் ரூமைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஓட்டல்காரர் மஞ்சள் பொட்டியைத் திறந்துவிட்டார். ஜன்னல், கட்டில், ஃபேன் எல்லாம் இருந்தன. அம்மா செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

சுவரைத் தட்டினாள். டங்கென்று சத்தம் வந்தது.

“ஏங்க, இம்புட்டு நாளா சீல் வச்சுக் கொண்டாந்த வீடு இதானா? இதுலயும் ஆணி அடிக்க முடியாது போலயே!”

அப்பா வாசலிலேயே நின்று சீல் வைக்கும் கதவுப் பூட்டுக்கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

“அங்கயே நின்னா எப்படி? உள்ள வாங்க. செத்த நேரத்துக்கு இது நம்ம வீடுதான்.”

அப்பாவும் செருப்பைக் கழற்றினார்.