அக்கா வீட்டு ஜன்னலோரத்தில் சிக்னல் இல்லை

வீட்டுக்கு வைஃபை தருகிற ரவுட்டர் விற்பது என் தொழில். கடைக்குள் நுழைகிறவர் வீடு எப்படிப்பட்டது, சுவர் எத்தனை தடிமன் என்று கேட்டுவிட்டு, எந்தப் பெட்டி சரிப்படும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு வீட்டின் ஜன்னலோரம் திணறடித்துவிட்டது. அது என் சொந்த அக்காவின் வீடு.

அக்கா ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணமான நாளிலிருந்து எதையும் அவளாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது. கட்டில், திரைச்சீலை, மிக்சி எல்லாம் அத்தான் பார்த்து வாங்கியவை. அவளுடைய மூக்குக் கண்ணாடிக்கு பிரேம்கூட அவர்தான் தேர்வு செய்வார். போட்டுக்கொண்டு பார்ப்பது மட்டும் இவள் பொறுப்பு. அத்தான் அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. ஹாலில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சமையலறைக்குள் போனாலும் பார்ப்பார், வெளியே வந்தாலும் பார்ப்பார். வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம், "உன்னால ஒண்ணும் ஆகாதும்மா" என்று குரலை உயர்த்தாமல் சொல்வார். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவருக்கும் என்னைக் கண்டால் அப்படித்தான்.

போன வருஷம் அத்தான் இறந்துபோனார். நாற்காலியை அக்காவே காவலாளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் ஹாலைக் கடக்கும்போது அந்தக் காலி இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். பழக்கதோஷம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிற அழைப்புகளை வீட்டிலிருந்தபடியே எடுத்து, எந்த டாக்டரை எப்போது பார்க்கலாம் என்று சொல்கிற வேலை. கம்பெனியே லேப்டாப் கொடுத்தது. இணையம் மட்டும் நம் பாடு. அக்காவின் குரல் இருக்கிறதே, நோயாளி பாதி குணமாகிவிடுவார். ஆனால் பயிற்சிக் காலத்திலேயே அழைப்புகள் பாதியில் அறுந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை மேலதிகாரி லைனில் கூடவே இருந்து கேட்பார், அன்றைக்கும் பாதியில் அறுந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"போனாப் போகட்டும்க்கா, வேற வேலையா இல்ல?" என்றேன்.

"இது போச்சுன்னா அவர் சொன்னது சரின்னு ஆயிடும்டி" என்றாள்.

இணைய நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பெட்டி வாசல் பக்கம் இருந்தது. அக்காவின் மேஜை ஹாலின் மறுகோடியில். அந்த ஓசிப் பெட்டியை நான் ரவுட்டர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையிலேயே பெரிய ரவுட்டரை, நாலு ஆன்டெனாக் கொம்பு முளைத்ததை, கொண்டுவந்து மாட்டினேன். பிறகு போனில் சிக்னல் அளக்கிற செயலியைத் திறந்துகொண்டு வீடு முழுக்க நடந்தேன். எங்கள் தொழிலில் இது வழக்கம். சமையலறையில் திரையிலிருந்த சிக்னல் முள் முழுசாக உயர்ந்து நின்றது. குளியலறையில்கூட முழுசு. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஹாலுக்கு வந்து ஜன்னலோரம் கையை நீட்டினேன், முள் பொத்தென்று விழுந்தது.

ஒரு எட்டு தள்ளி நின்றேன், முழுசு. திரும்ப நீட்டினேன், விழுந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் தரை, கொஞ்சம் வெயில்.

"சிக்னலை எதுடி தடுக்கும்?" என்று சமையலறை வாசலிலிருந்து அக்கா கேட்டாள்.

கடையில் தினமும் ஒப்பிக்கிற பாடம்தான். வாய் தன் போக்கில் ஆரம்பித்துவிட்டது. "கண்ணாடி தடுக்கும், பிரிட்ஜ் தடுக்கும், மீன் தொட்டி ரொம்பவே தடுக்கும். தண்ணி இருக்கே, அலையை அப்படியே குடிச்சிரும். மனுஷ உடம்பும் பாதிக்கு மேல தண்ணிதானே. ஒரு ஆள் குறுக்க உக்காந்தாலே..." அதோடு நிறுத்திவிட்டு அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன்.

வீம்புக்கென்று குனிந்து கீழிருந்து மேலாக அளந்தேன். முழங்கால் உயரத்தில் முள் சரிந்தது. நெஞ்சு உயரத்தில் அடியோடு படுத்தது. உட்கார்ந்திருக்கும் ஆளின் தலைக்கு மேலே போனதும் மறுபடி முழுசாக எழுந்தது. தரையோடு அளந்தபோது எல்லா இடமும் சரியாகத்தான் இருந்தது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டே இரண்டு இடங்களைத் தவிர. ஒவ்வொன்றும் ஒரு பாதம் அளவு.

நான் போனை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அக்கா என்னவோ பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பவள் மாதிரி நின்றிருந்தாள்.

சுவருக்குள் கம்பி ஏதாவது ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் மூன்று பெட்டிகள் கொண்ட செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அறைக்கு ஒன்றாக வைத்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் சிக்னலை நிரப்பிவிடும். கடையின் விலை உயர்ந்த சரக்கு அதுதான். அக்காவின் மேஜையைப் படுக்கையறைக்கு மாற்றி, அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பெட்டியை வைத்தேன். ஹாலுக்குப் போய் ஜன்னலோரத்தை அளந்தேன். முள் முழுசாக நின்றது!

"பாத்தியாக்கா? பேயாவது பிசாசாவது!" என்று கத்தினேன்.

சோதித்துப் பார்க்கலாம் என்று ஹாலிலிருந்தே என் போனில் அவள் லேப்டாப்புக்கு அழைத்தேன். "வணக்கம், நான் உங்க..." என்று ஆரம்பித்த குரல் துண்டு துண்டாகி அறுந்துபோனது. படுக்கையறைக்கு ஓடினேன். அக்காவுக்கும் அலமாரிக்கும் நடுவே போனை நீட்டினேன். முள் படுத்துவிட்டது.

"எழுந்து வந்திருப்பார்" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதுகுக்குத் தெரியாதா?"

அவள் அதை ஏதோ வாடகைதாரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு பயத்தைத் தாண்டிக்கொண்டு கோபம் வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் படுத்தியது போதாதா இந்த மனிதருக்கு?

"கிளம்பு. என் வீட்டுல உக்காந்து வேலை பாரு. இந்த வீடே வேண்டாம்."

"மாட்டேன்" என்றாள். என் அக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. "வாழ்நாள் பூரா ஒதுங்கி ஒதுங்கித்தான் நடந்திருக்கேன். இப்ப வீட்டை விட்டே ஒதுங்கணுமா? நீ ஒண்ணு சொல்லு. காத்துல போறதாலதானே குறுக்க வந்தா தடுக்குது? வயர்ல போனா?"

"வயரா? இந்தக் காலத்துலயா?" என்றேன். அப்புறம் யோசித்துவிட்டு, "வயருக்கு என்ன தெரியும்? குறுக்க யார் உக்காந்தாலும் அது பாட்டுக்குப் போகும்" என்றேன்.

மறுநாள் அக்காவே கடைக்கு வந்தாள். நான் காட்டிய எதையும் அவள் சட்டை செய்யவில்லை. கொம்பைப் பார்க்கவில்லை, அட்டைப்பெட்டியில் அச்சடித்த வேகத்தைப் படிக்கவில்லை. ஒவ்வொரு ரவுட்டரையும் திருப்பிப் பின்பக்கம் வயர் சொருகுகிற துளைகளைப் பார்த்தாள். ஒன்றில் விரலை விட்டுக்கூடப் பார்த்தாள். கடைசியில் யாரும் சீண்டாத, வயருக்கு மட்டுமே உதவுகிற ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதைவிட நல்லது இருக்குக்கா."

"இருக்கட்டும். எனக்கு இதுதான் வேணும்."

அந்த முகத்தில் அப்படியொரு பூரிப்பு. வியாபாரம் கெட்டாலும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மேஜை ஹாலில் பழைய இடத்துக்கே வந்தது. வாசல் பக்கம் ரவுட்டரை மாட்டிவிட்டு, சுவரோரமாகச் சுற்றி வயரை இழுக்க ஆரம்பித்தேன்.

"சுத்திப் போகாதே. நேராப் போடு" என்றாள் அக்கா.

நேராகப் போட்டால் வயர் ஜன்னலோரத்தைக் கடந்துதான் போக வேண்டும். நான் அசையவில்லை. என் கையிலிருந்த வயரை அவளே வாங்கிக்கொண்டாள். தரையில் மண்டியிட்டு, ஒட்டும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே தவழ்ந்து போனாள். அந்த இடம் வந்ததும் கை நின்றது. தலையை நிமிர்த்தாமல், "கொஞ்சம் காலைத் தூக்கிக்கோங்க" என்றாள்.

சற்றுக் காத்திருந்தாள். பிறகு கிளிப்பை அழுத்திவிட்டு மேற்கொண்டு தவழ்ந்தாள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலை நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். காதில் மாட்டுகிற கருவி மூக்குக் கண்ணாடிக் காம்போடு சேர்ந்து அழுத்துகிறது என்று அவள் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். மேலதிகாரி எங்கேயோ இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முதல் அழைப்பு, பல்வலிக்காரர். குரல் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. அடுத்தது மூட்டுவலி. அதுவும் பிசிறில்லாமல் முடிந்தது. அக்காவின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. நான் மேஜைக்கு அடியில் அவள் முழங்காலைக் கிள்ளினேன்.

அடுத்து ஒரு இளம் தாய் அழைத்தாள். குழந்தைக்குக் காதுவலி என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பக்கத்துல ஒருத்தர் போனை வை, போனை வைன்னு சொல்லிட்டே இருக்காரே. உங்களுக்கு ஏதாவது தொந்தரவா? நான் வேணா அப்புறம் கூப்பிடட்டுமா?"

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். என் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குப் பழக்கம். அத்தான் இருந்த காலத்தில் நான் அக்காவோடு போனில் பேசத் தொடங்கினால் போதும், அந்த ஜன்னலோரத்திலிருந்து அதே சொல்தான் வரும். அவளும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

இப்போதும் அவள் விரல் அழைப்பைத் துண்டிக்கிற பொத்தானுக்குத் தானாகப் போனது. அதன் மேல் நின்றது.

அக்கா விரலை மடக்கிக்கொண்டாள்.

"தொந்தரவெல்லாம் இல்லம்மா, நீங்க சொல்லுங்க" என்றாள். "குழந்தைக்கு எந்தக் காது வலிக்குது?"